இடது கண்ணுக்கு ஒரு தொலைநோக்கி

ஜனவரி 4

புது நோட்டு. ஒரு டைரி வாங்கி வரச் சொன்னால் இவர் பேரேடு அளவுக்கு ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் பூனை படுக்கலாம். கூடவே கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒரு டஜன். பெரிதாக எழுதினால் கண்ணுக்கு நல்லதாம். முப்பத்திரண்டு வருஷம் திருநெல்வேலி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து, ரிசர்வேஷன் பாரத்தில் ஊரார் கிறுக்கியதையெல்லாம் படித்தவள் நான். எனக்கா பெரிய எழுத்து?

இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதை ஒருமுறை எழுதிவிடுகிறேன், அப்புறம் அதைப் பற்றி இதில் பேச்சே கிடையாது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. வலது கண்ணில் போன வருஷமே போய்விட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் வட்டம், சுற்றி உள்ளது மட்டும் தெரியும். ஆள் எதிரே வந்தால் தோளும் காதும் உண்டு, முகம் கிடையாது. அதைச் செத்த கண் என்று ஒதுக்கிவிட்டேன். இப்போது இடது கண்ணிலும் ஆரம்பம். கதவு நிலை நெளிகிறது. மாதம் ஒரு ஊசி போட்டால் நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற பஸ்ஸில் இவர் கேட்டார், கண் நன்றாக இருக்கும்போதே எதைப் பார்க்கணும் என்று. சபையில் எல்லாரும் எருசலேமுக்குப் போய்வாருங்கள் என்கிறார்கள். நான் நட்சத்திரம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊர் ஊராக டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு அசையாதவளுக்கு, எந்த ரயிலும் போகாத இடத்தைப் பார்க்கணும் என்று தோன்றியிருக்கும். இவர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

ஜனவரி 7

இவர், அதாவது பாக்கியநாதன் சர்வேயர், ரிட்டயர் ஆனதிலிருந்து அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது தொலைநோக்கி கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். லென்ஸ் வைத்தது, கண்ணாடி வைத்தது, வாய் அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு. பெண் பார்க்கப் போனபோதுகூட இவர் இத்தனை விசாரித்திருக்க மாட்டார்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். தொலைநோக்கி வாங்குகிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று, கண்ணை வைத்துப் பார்க்கிற கட்சி. அவர்களுக்கு அடியில் பெரிய கண்ணாடி வைத்த குழாய் போதும். அதைப் பலகைப் பெட்டியில் உட்கார வைத்து, கையால் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். இன்னொன்று, படம் பிடிக்கிற கட்சி. வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். கேமரா ஒரு நிமிஷம் திறந்திருந்தால் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். அதனால் வானத்தோடு சேர்ந்து சுற்றுகிற மோட்டார் தலை வேண்டும், அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

இவர் இரண்டாவது கட்சி. காரணமும் சொன்னார். "உன் கண்ணு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, டார்த்தி. படத்தை டிவியில பெருசா போட்டுக் காட்டிருவேன்" என்றார்.

நல்ல யோசனைதான். நான் அடுக்களைக்குப் போய்க் கீரை ஆய்ந்தேன். ஆய்ந்து முடித்த பிறகு பார்த்தால் தண்டெல்லாம் சட்டியில் இருக்கிறது, இலையெல்லாம் குப்பையில் கிடக்கிறது.

ஜனவரி 10

இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். காஜாவுக்கு மேலேயே வைத்துத் தைத்திருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். முப்பது வருஷம் சண்டை போட்ட மனிதர் இப்படித் திடீரென்று நல்லவராகிவிட்டால் பயமாக இருக்கிறது. சட்டையைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

ஜனவரி 13

ஊசி. கண்ணில் ஊசி என்றால் கேட்கிறவர்களுக்குத்தான் நடுக்கம். எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான்.

அந்த நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். அவள் நன்றாக இருக்கணும்.

ஜனவரி 17

சென்னைக் கடையிலிருந்து மூன்று பெட்டி வந்துவிட்டது. மோட்டார் தலை, முக்காலி, குழாய்க்கு ஈடாகத் தொங்குகிற எடைக்கல், சின்ன லென்ஸ் குழாய், கேமரா. கண்ணை வைக்கிற வில்லை எது என்று தேடினேன். இல்லை. இது கேமராவுக்கு மட்டும் உள்ள ஜோடனையாம். சரி.

ஜனவரி 18

இன்றைக்கு அமாவாசை. இருட்டு ஆனதும் மொட்டை மாடியில் பூட்டினார். பூட்டினார் என்பதைவிட மல்லுக்கட்டினார் என்று எழுதலாம். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் பேச்சைக் காணோம் என்று நான் படியேறிப் போனால், மனிதர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். துருவ நட்சத்திரம் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். குளிர் தேசத்தில் பாதி வானத்தில் நிற்கும். பூமத்திய ரேகைக்கு எட்டே முக்கால் டிகிரி தள்ளி இருக்கிற நம் ஊரில், அடிவானத்திலிருந்து எட்டே முக்கால் டிகிரி. அதாவது பக்கத்து வீட்டுச் சுவர் உயரம். மோட்டார் தலையோ அவ்வளவு கீழே குனிய மாட்டேன் என்கிறது. பலவந்தமாகக் குனிய வைத்தால் எடைக்கல் போய் முக்காலியின் காலில் இடிக்கிறது. குனிந்தாலும் பிரயோஜனம் இல்லை. சரியாக வடக்கே, துருவ நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பக்கத்து வீட்டு ஆவுடையப்பனின் கறுப்புத் தண்ணீர் டேங்க் நிற்கிறது.

வாத்தியார் பிள்ளை மக்கு, சர்வேயர் வீடு கோணல். இந்த ஜில்லாவில் இவர் அளக்காத வயல் இல்லை. சொந்த வீட்டின் அட்சரேகையைப் பார்க்காமல் தொலைநோக்கி வாங்கியிருக்கிறார். சொல்லிக் காட்டணும் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணில் இன்னும் முகம் தெரிகிறது. அதனால் சொல்லவில்லை. கடுங்காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 19

கடைக்காரருக்குப் போன் போட்டு இவர் சத்தம் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜனவரி 22

ஆவுடையப்பன் அண்ணாச்சியோடு எங்களுக்குப் பதினான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போனதுக்கு முந்தின ஐப்பசி மழையில் அவர் டேங்க் வழிந்து வழிந்து எங்கள் சுவர் ஊறிப்போனது. நான் கவுண்டரில் க்யூவை ஒழுங்கு பண்ணுகிற குரலில் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அதில் இரண்டு வார்த்தை அதிகம். அந்த வீட்டில் போய் டேங்கைப் பற்றி எந்த வாயால் கேட்பது?

ஜனவரி 25

கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் பக்கத்து மாடியில் தடதடவென்று சத்தம். அண்ணாச்சியும் இரண்டு ஆட்களுமாக டேங்கைக் காலி பண்ணி, குழாயைக் கழற்றி, கிழக்கு மூலைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். பிளம்பர் வேறு நிற்கிறார். இவர் மாடியில் உட்கார்ந்து புலம்பியது அத்தனையும் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. என் கண் சங்கதியும் சேர்த்துத்தான்.

நான் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். அவர்தான் பேசினார். "நம்ம டேங்க்குதான் மறைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நகட்டியிருப்பேனே, தங்கச்சி. இதுக்குப் போயி அழுவாங்களா?"

"நான் அழலை அண்ணாச்சி. அழுதது உங்க சர்வேயர்" என்றேன். சிரித்தார். அப்புறம், சுவர் விஷயத்தில் பேசியது தப்பு என்று சொன்னேன். அதை இத்தனை நாள் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மத்தியானம் அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் குழம்பு போதவில்லை, முட்டையைப் பொரித்துப் போட்டேன். மனது நிறைந்துதான் இருந்தது.

ஜனவரி 30

துருவ நட்சத்திரம் வருவேனா என்கிறது. ஐந்து நாளாக அடிவானத்தில் பனிமூட்டம். டேங்க் போன இடத்தில் வெறும் வெள்ளை.

பேப்பரில் தலைப்பு மட்டும் படித்தேன். கீழே உள்ளதை இவர் படித்துச் சொன்னார்.

பிப்ரவரி 4

நட்சத்திரம் தெரிந்தது. மங்கல்தான் என்றாலும் தெரிந்ததாம். இவரும் அண்ணாச்சியும் முக்காலியின் ஒரு காலுக்குச் செங்கல் வைத்து மொத்தத்தையும் சாய்த்து, எடைக்கல் இடிக்காமல் வழி பண்ணிவிட்டார்கள். இரண்டு பேருமாக அறுபது வயதில் கை தட்டிக்கொள்கிறார்கள். முதல் படங்களில் நட்சத்திரமெல்லாம் அரிசிப் புழு மாதிரி நெளிந்திருக்கிறது என்று இவர் வருத்தப்பட்டார். எனக்குக் கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான் தெரிகிறது. அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

இன்றைக்குப் படம் விழுந்துவிட்டது. ஓரியன் நெபுலா. ரோஜா நிறத்தில் புகை விரிந்த மாதிரி, நடுவில் நாலு நட்சத்திரம். டிவியில் போட்டார். அண்ணாச்சி வீடு முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் ஆ என்றார்கள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

யாரும் படிக்காத நோட்டு இது, உண்மையை எழுதலாம். டிவியில் செய்தி வாசிக்கிறவள் எப்படித் தெரிவாளோ அப்படித்தான் தெரிந்தது. நடுவில் நெளிசலும் ஓரத்தில் நிறமும். அந்த நாலு நட்சத்திரத்தை நான் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு மனிதர் ஒரு மாதமாக முதுகு ஒடியப் பாடுபட்டு, பக்கத்து வீட்டுக்காரர் டேங்கை நகர்த்தி, எனக்காக வானத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை என்று எப்படிச் சொல்வது? நன்றி கெட்ட மனது இது. அது வந்த இடத்திலிருந்து, நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாமல், என் கண்ணுக்குள் நேரே வந்து விழணும் என்று கேட்கிறது.

படுக்கும் முன் ஜெபத்தில் இவருக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டேன்.

பிப்ரவரி 12

இரண்டாவது ஊசி. இந்தத் தடவை கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு இடது கண்ணைக் கசக்கக் கூடாது, எதையும் அதில் வைத்து அழுத்தக் கூடாது. செத்த கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடுகிறேன். கைப்பிடி, கதவு எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன். நேரே பார்த்தால் எதுவும் இல்லை, சற்றுத் தள்ளிப் பார்த்தால் இருக்கிறது. பழகிவிட்டது.

ஊசி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று இருபத்தாறாம் தேதி சொல்வார்களாம்.

பிப்ரவரி 14

இடது கண்ணுக்கு மூடி இருக்கிறது, ஓரக்கண்ணால் கோட்டைப் பிடித்து நிதானமாக எழுதுகிறேன்.

குளச்சலிலிருந்து சேவியர் ராயப்பன் வந்தார். ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறதாம், இவருக்கு அங்கே பழக்கம். இவருடைய மோட்டார் தலை ஏதோ கரகரவென்கிறது, பார்த்துக் கொடுக்க வந்தார். வந்தவர் கார் பின்சீட்டில் தன் தொலைநோக்கியையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இவர் முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய கட்சி. எட்டு அங்குலக் கண்ணாடி, பச்சைப் பெயின்ட் அடித்த பலகைப் பெட்டி. நாளைக்குக் காலையில் கிளம்பிவிடுவார்.

ஏழரை மணிக்கு மாடிக்குப் போனோம். அண்ணாச்சி தன் வீட்டு விளக்கெல்லாம் அணைத்துவிட்டார். சேவியர் உச்சி வானத்தில் ஒன்றைத் தேடி வைத்துவிட்டு, இது நண்டு நெபுலா, எப்போதோ வெடித்த நட்சத்திரத்தின் புகை, ஊருக்குள்ளிருந்து தெரிவது கஷ்டம், சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார். இவர் கண்ணை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி வைத்தார். வெறும் இருட்டுதான் இருக்கு என்றார். இவர் மறுபடி வைத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், இல்லை.

நான் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விவரம் தெரியாத சேவியர், அக்காவும் பாருங்க என்றார். இவர் அவசரமாக, அவளுக்கு இன்றைக்கு முடியாது, நல்ல கண்ணில் ஊசி போட்டிருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊசிமேல் வந்த கோபமா, நல்ல கண் என்று சொன்னதன் மேலா, தெரியாது. இன்னொன்று இருக்கிறதே என்று எழுந்து போனேன். போய்ச் செத்த கண்ணை வைத்தேன்.

முதலில் வழக்கம்போலச் சாம்பல் வட்டம். நான் என் பழக்கப்படி பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினேன். இருந்தது. சின்னதாக, நீள்வட்டமாக, கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஆவி மாதிரி ஒன்று. நிறம் கிடையாது. அசையாமல் இருந்தது. பக்கத்தில் இரண்டு மூன்று பொடி நட்சத்திரம்.

எப்படி இருக்கிறது என்று சேவியர் கேட்டார். எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது, எந்த முனை அகலம், பக்கத்து நட்சத்திரம் எங்கே, எல்லாம் சொன்னேன். இந்தக் கண்ணுக்கு நடுவில் பார்வை இல்லை, ஓரமாகத்தான் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த வரைபடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் சொன்னது ஒவ்வொன்றும் அதில் அப்படியே இருந்தது. அப்புறம் இவரிடம் சொன்னார்.

"மங்கலா உள்ளதை நேரே பாத்தா யாருக்கும் தெரியாது சார். கண்ணுக்க நடுப்பாகத்துக்கு இருட்டுல பார்வை கிடையாது. ஓரமாப் பாக்கணும். அதுக்கு நாங்க மாசக்கணக்கா பழகுவோம். அக்கா ஏற்கெனவே பழகி வச்சிருக்காங்க."

இவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விலகிக் கொடுத்து, நேரே பார்க்காதீங்க, இடது ஓரத்தைப் பாருங்க, அது தானா வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் பாடுபட்டார். தெரிகிற மாதிரி இருக்கிறது என்றார். பொய். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

நான் மறுபடி வைத்தேன். அதிலிருந்து கிளம்பிய வெளிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம் வருஷம் வழியில் எங்கும் இறங்காமல் வந்து, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில், யாருக்கும் வேண்டாம் என்று நான் ஒதுக்கி வைத்த கண்ணில் வந்து இறங்கியிருக்கிறது. கண்ணீர் வந்துவிட்டது. அதோடு நண்டும் மறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

ஆண்டவரே, நான் கேட்டதை இந்தக் கண்ணுக்குக் கொடுப்பீர் என்று நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 15

சேவியருக்கு இட்லியும் கறிக்குழம்பும். போகும்போது, எங்கேயாவது போய் யாரிடமாவது நண்டு தெரிந்ததா என்று சண்டை வந்தால் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன் என்றார்.

இவர் நாள் முழுக்க மாடிப்பக்கம் போகவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக, டிவியில் படம் போட்ட அன்றைக்கு உனக்குத் தெரிந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். சொல்லியிருக்கலாமே என்றார். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். ரசம் ஆறிவிட்டது.

பிப்ரவரி 19

கண்மூடியை எடுத்தாயிற்று. இடது கண்ணில் சுவர்க் கடிகாரம் பார்த்தேன். முள் இருந்தது. ஆறு என்ற எண்ணைக் காணோம்.

பிப்ரவரி 26

இருபத்தாறு வந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஊசி பிடிக்கவில்லை. இடது கண்ணின் நடுவும் போகும், ஏழெட்டு மாதம், முன்னேபின்னே ஆகலாம். ஓரப் பார்வை போகாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மிச்ச ஊசியையும் போட்டுப் பார்ப்போம் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நர்சம்மா இன்றைக்கும் நின்றாள். பெயர் கேட்டேன். அல்போன்சா.

பஸ்ஸில் இவர் என் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்ணார்பேட்டை தாண்டியதும் நான்தான் பேசினேன். இப்போது ஒரு கண்ணில்தான் நண்டு தெரிகிறது, இனிமேல் ரெண்டு கண்ணிலும் தெரியும், எந்தக் கண்ணை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையே அதுதான். எழுத்து போகும், முகம் போகும். இவர் முகமும் போகும், அதையும் எழுதிவைக்கிறேன். ஆனால் நான் முதலில் கேட்டது முகம் இல்லை, நட்சத்திரம். அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இவர் சென்னைக் கடைக்குப் போன் போட்டார். மோட்டார் தலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு எட்டு அங்குலக் கண்ணாடிக் குழாயும் பலகைப் பெட்டியும் அனுப்பச் சொன்னார். ஊர் எது என்று முதலிலேயே கேட்காதது தன் தப்பு, மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார். நான் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கடைக்காரர் கேட்கிறார், கேமரா மாட்டுகிற வளையமும் சேர்த்து அனுப்பவா என்று.

"வேண்டாம் தம்பி" என்றார் இவர். "எங்க வீட்டுல அவ பாத்துச் சொல்லுவா. நான் கேட்டுக்கிடுவேன்."

பால் பொங்கிவிட்டது. துடைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.